சுடலைமுத்துவின் முதுகுவலி இடம் மாறிய கதை

கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். இதில் வரும் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

அந்த ஊரில் அப்போது யாரும் "எனக்குத் தலை வலிக்கு" என்று சும்மா சொல்லிவிட முடியாது. சொன்னால், "அப்படியா, வாங்க, மையத்துக்குப் போவோம்" என்பார்கள். மையம் என்றால், தெற்கே ஒரு பல்கலைக்கழகம் நடத்திய நாள்பட்ட வலி ஆய்வு மையம். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் வம்பு.

நோவுகடத்தி என்ற கருவி அங்கேதான் இருந்தது. வலிக்கிறவர் ஒரு நாற்காலியில், நம்பாதவர் எதிர் நாற்காலியில். இருவர் தலையிலும் செம்புத் தொப்பி. நடுவில் ஒரு பிடி. திருகினால் இவர் வலி அவருக்குப் போய்விடும். திருப்பித் திருகினால் வந்துவிடும். லீவு கேட்ட குமாஸ்தாவின் பல்வலியை வாங்கிப் பார்த்த மேலதிகாரி, கன்னத்தைப் பொத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கல்யாண வீடுகளில் வியாதியைப் பற்றிப் பெருமை பேசுவது அடியோடு நின்றது. பந்தியில் பேச விஷயம் இல்லாமல் ஆட்கள் சாம்பாரைப் பாராட்ட ஆரம்பித்தார்கள்.

நோவுகடத்தி சத்தம் போடாது, சூடாகாது, சின்ன விளக்குகூட மின்னாது. உயர்ந்த கருவி என்பதற்கு அதுவே அடையாளம் என்று ஊர் பேசிக்கொண்டது.

சுடலைமுத்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு முதுகுவலி. எப்போது வந்தது என்று கேட்டால் யோசிப்பார். மாடிக்குக் குடி வந்து, தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கிய வருஷமாக இருக்கலாம். அன்று முதல் அவருக்குச் சாய்வு நாற்காலி, கேனுக்கு அவர் மனைவி பேச்சியம்மாள் என்று ஏற்பாடாகிவிட்டது.

ஒருநாள் கேனை வாசலில் இறக்கிய பேச்சியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "கேன்காரன் ஹாரன் அடிச்சாத்தான் உங்க முதுகு முழிக்கும். கறிக்கடைக்குப் போவும்போது அது எங்க போவுது?"

"ஏட்டி, வலிக்கவனுக்குத்தான் தெரியும் வலி."

"இந்தச் சேரை எங்க அண்ணனுக்குக் குடுத்துருதேன். அவருக்காவது நெசமாவே மூலம் இருக்கு."

நாற்காலி போய்விடும் என்றதும் சுடலைமுத்துவுக்கு ரோஷம் வந்தது. "வா மையத்துக்கு. ஒரு தடவ வாங்கிப் பாரு. அப்புறம் என் முதுகப் பத்தி இந்த வீட்ல ஒரு பேச்சு இருக்கப்படாது."

மையத்தின் தலைவி டாக்டர் மங்கையர்க்கரசி, ஒரு கோப்பால் விசிறிக்கொண்டே அவர்களை உட்கார வைத்தார்.

"காத்தாடியப் போடுங்களேன் தாயி," என்றார் சுடலைமுத்து.

"போட்டா நரம்பலை கலைஞ்சிரும் அண்ணாச்சி. காயம் ஆறினப்புறமும் மூளை வலிய மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிக்கிட்டே இருக்கும். அந்த மனப்பாடத்த இவங்க மூளைக்கு அனுப்பப் போறோம். அசையாதீங்க."

பிடி திருகப்பட்டது. சுடலைமுத்து மனைவியின் முகத்தையே பார்த்தார். பேச்சியம்மாள் சிரித்துவிட்டால்? "இதுதானா" என்று கேட்டுவிட்டால்?

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. கண்ணை மூடினாள். இடுப்பில் கையை வைத்தாள். "ஆத்தாடி," என்றாள் மெதுவாக. "இதையா இத்தன வருசம் தாங்குனிய?"

சுடலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் முதுகில் வலியைத் தேடிப் பார்த்தார். சுத்தமாக இல்லை.

"இப்போ திருப்பிருவோம்," என்று டாக்டர் பிடியில் கை வைத்தார்.

பேச்சியம்மாள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம் டாக்டரம்மா. அவுக பட்டது போதும். மிச்சத்த நான் பட்டுக்கிடுதேன்."

அறையில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஊரில் இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று வழி நெடுக ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார் சுடலைமுத்து.

வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் சுவரைப் பிடித்து நடந்துபோய்ச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தாள். கீழே ஹாரன் அடித்தது.

"கேன் வந்துருக்கு," என்றாள்.

சுடலைமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் முதுகு நல்லாயிட்டுல்லா. அப்படியே அரிசி மூட்டையையும் கொண்டாந்துருங்க. நான் குனிஞ்சா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும். குனிந்தால் என்ன ஆகும் என்று வருஷக்கணக்காக விளக்கியவரே அவர்தான். சந்தேகமாக ஒரு பார்வை பார்க்கக்கூட வழியில்லை.

சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீங்கிய உள்ளங்கைகளோடு மையத்துக்குப் போனார். "என் வலிய எனக்கே வாங்கிக் குடுங்க தாயி."

"வாங்கினவங்க சம்மதிச்சு வந்து உக்காரணுமே அண்ணாச்சி."

"கூப்பிட்டேன். ஆட்டோ குலுங்குனா முதுகு தாங்காதுங்கா." குரலைத் தாழ்த்தினார். "தாயி, அவ நடிக்கா."

டாக்டர் விசிறுவதை நிறுத்தினார். "அது உங்க வலிதானே? அப்போ உங்க வலி நடிப்புன்னு வச்சுக்கலாமா?"

சுடலைமுத்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் பெரிய வரிசை நின்றது. மனைவிமார் ஆளுக்கொரு கணவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா மூட்டுவலி. அத நான் ஏத்துக்கிடணும்," என்று முன்னால் நின்றவள் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கணவன், "எனக்கு இப்ப வலி இல்ல, சத்தியமா இல்ல," என்று தூணைக் கட்டிப் பிடித்திருந்தான். ஊரில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் நாள்பட்ட வலி தீர்ந்தது. உலக மருத்துவ வரலாற்றில் அப்படி வேறெங்கும் நடந்ததில்லை.

சுடலைமுத்து கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறும்போது, மேலேயிருந்து பேச்சியம்மாளின் குரல் வரும்: "பாத்து வாங்க. உங்களுக்கும் ஏதாவது புடிச்சுக்கிட்டா என்னால தூக்க முடியாது."

அந்த மையத்துக்கு இன்றுவரை மின்சார இணைப்பு கொடுக்கப்படவில்லை.