தளபதியின் கல்லறையும் கம்பிப் பிறஷும்

இதனால் திருகோணமலை வாழ் சகல சனங்களுக்கும், துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்கும், கோட்டை மான்களுக்கும் அறியத் தருவது: மாபெரும் தளபதி ஒருவரின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

கண்டுபிடித்தவர் நகரப் பெரியோர் மன்றத் தலைவர் இராசதுரை. பழைய மயானத்தின் மூலையில் கிடந்த அந்தக் கல் முழுக்கப் பாசி. ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கல் பெரியது. ஆகவே உள்ளே கிடப்பவரும் பெரியவர் என்று முடிவுகட்டிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை கொழும்பிலயிருந்து ஆக்கள் வருகினம். அதுக்குள்ள எழுத்துத் தெரியவேணும். இல்லாட்டி வேறை காவலாளி பாப்பம்."

மயானக் காவலாளி ஆனந்தராசா தலைவரைக் கும்பிட்டார். அவருடைய பதினொரு வயது மகள் குணேஸ்வரி கல்லைச் சுற்றிவந்து பார்த்தாள்.

கப்பல்களில் துரு சுரண்டும் அன்ஸார் கம்பிப் பிறஷோடு வந்தார். "கப்பலே பளபளக்கும். இந்தக் கல்லு எம்மாத்திரம்?"

"பொறுங்கோ நானா. முதல்ல பின்பக்க மூலையில தேய்ச்சுப் பாருங்கோ," என்றாள் குணேஸ்வரி.

ஒரே இழுப்பு. கல் மாவாய்க் கொட்டியது. அன்ஸாரின் கையிலிருந்து பிறஷ் விழுந்தது.

"முன்பக்கம் தேய்ச்சிருந்தால் தளபதிக்குப் பேரே இருந்திராது," என்றாள்.

"அப்ப அசிட் ஊத்துவம்," என்றார் தலைவர்.

"ஏலாது ஐயா. அது எங்கட சீமெந்துப் படியையே திண்டிட்டுது."

அவள் கிணற்றுத் தண்ணீரால் கல்லை நனைத்து ஊறவிட்டாள். இளகிய பாசியைத் துணியாலும் பழைய பல் பிறஷாலும் மெதுமெதுவாக எடுத்தாள். இரண்டு நாள் போயிற்று. அப்படியும் எழுத்து மங்கல்தான். அம்மாவின் முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து, வெயிலைப் பக்கவாட்டில் கல்லின்மேல் விழச் செய்தாள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் தங்கியது.

வெள்ளிக்கிழமை, விருந்தினர் முன்னிலையில் அப்பா கண்ணாடியைப் பிடித்தார். குணேஸ்வரி ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"வில்லியம் கொப். கப்பல் சமையற்காரர்."

மாலையோடு உயர்ந்த தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. "சமையற்காரரோ? சண்டையில செத்ததெண்டு போடேல்லையோ?"

"இல்லை ஐயா. ஊர் மீன்காரர் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல, ஊதி வீங்கிற மீனைச் சமைச்சுச் சாப்பிட்டவராம்."

"பேத்தையையோ?" அன்ஸார் அதிர்ந்துபோனார். "அது நஞ்சு மீனெல்லோ! எங்கட பூனையும் அதைத் தொடாதே."

கொழும்பிலிருந்து வந்த பெரியவர் குனிந்து பார்த்தார். "எழுத்து நல்லாத் தெரியுது. ஆர் துடைச்சது?"

அப்பா மகளைக் காட்டினார். தலைவரும் வேறு வழியின்றித் தலையாட்டினார்.

அப்பாவின் வேலை தப்பியது. மத்தியான விருந்தில் மீனை ஒருவரும் தொடவில்லை.