காக்கி பட்டன்

“ஒரு மிஷின் போட்டா காலை நீட்ட இடமில்ல... இந்தக் கடையில ஒம்பது பேர் குடியிருக்காங்களா? யார் காதுல பூ சுத்துறீங்க?”

தபால்காரன் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டான். இந்தத் தெருவுக்கு மாற்றலாகி வந்து நான்கே நாள். அதற்குள் இந்தத் தையல் கடை விலாசத்துக்கு ஒன்பது வேறு வேறு பெயர்களில் கடிதம் வந்துவிட்டது.

தையல்காரி தலை நிமிர்ந்தாள். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான். மழைக்கு முந்தின வானம் மாதிரி... கறுத்து, கனத்து, எப்போது இடிக்கும் என்று தெரியாமல். சண்டைக்கு வந்தவன் தன்னையறியாமல் சைக்கிளை விட்டு இறங்கினான்.

“நேத்து ஒரு லெட்டர் வந்திருக்கணுமே சார்... எங்க?”

“‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ன்னு எழுதித் திருப்பிட்டேன். பதினோரு வருஷ சர்வீஸ்ங்க. என் கையில ஒரு லெட்டர் தப்பாப் போனதில்ல.”

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான். நிமிர்த்திய வேகத்தில் காக்கிச் சட்டையின் பட்டன் தெறித்து அவள் மேசையில் உருண்டது. வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று சிரிக்கவில்லை... கண்கள்தான் நிறைந்தன.

“எதிர்ல பஸ் ஸ்டாப்ல பாருங்க. பச்சைத் துண்டு போட்டவர். சமையல்காரர். ஹோட்டலை மூடினாங்க, வேலை போச்சு, பின்னாடியே வீடும் போச்சு. ஆஸ்பத்திரி கிச்சன்ல வேலைக்கு எழுதிப் போட்டார். விலாசம்னு கேட்கிற இடத்துல பஸ் ஸ்டாப்னா எழுத முடியும்? என் கடையை எழுதுங்கண்ணேன்னு சொன்னேன். இன்னைக்கு மூணு மணிக்கு இன்டர்வியூவாம், ஆஸ்பத்திரி கேட்ல விசாரிச்சப்ப சொன்னாங்களாம். லெட்டர் இல்லாம உள்ள விடமாட்டாங்க.”

அவள் பின்னால் சுவரில் ஒரு மரத்தட்டு. நூல்கண்டு வைக்க வேண்டிய ஒன்பது அறைகளில் கடிதங்கள். ஒவ்வொரு அறைக்கும் அடையாளமாகத் துணித்துண்டில் தைத்த ஒரு பட்டன்... சிவப்பு, நீலம், பித்தளை. படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் அறையைத் தேடி எடுத்துக்கொள்ளலாமே! அவன் அந்தப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆனால் வீறாப்பு விடுமா?

“அவர் இங்க குடியிருக்கலைல்ல? அப்ப நான் எழுதினது சரிதான்.” சைக்கிளை மிதித்தான்.

தெருமுனை தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப் பெஞ்சில் சமையல்காரர் ஒரு சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். தான் நனைந்தார், சட்டையை நனைய விடவில்லை. காலர் புதிதாகத் தைத்தது. யார் தைத்தது என்று கேட்கவா வேண்டும்? ‘அடப்பாவி, என்னடா பண்ணித் தொலைச்சே!’ என்று தபால்காரன் தன்னையே திட்டிக்கொண்டான்.

திருப்பி அனுப்பும் கடிதங்களின் பை பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். விழுந்தடித்து ஆபீசுக்குள் ஓடினான். சொட்டச் சொட்ட அதிகாரி முன்னால் நின்று, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னான்.

“தப்பு என்னுது சார்... விசாரிக்காம எழுதிட்டேன். அந்தப் பையைத் திறக்கணும்.”

பையின் அடியில் கிடைத்தது கடிதம். சமையல்காரரை கேரியரில் ஏற்றி, மூச்சு வாங்க மிதித்து, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். திரும்பி வந்து கடை வாசலில் நின்றான். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

“மன்னிச்சிடுங்க...”

“முதல்ல தலையைத் துடைங்க சார்,” என்று அவள் ஒரு துணியை நீட்டினாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சமையல்காரருக்கு வேலை கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் அதே தெருவில் மருந்துக்கடையும் சைக்கிள் கடையும் வீடில்லாதவர்களுக்குத் தங்கள் விலாசத்தைக் கொடுத்தன. கேட்டு வாங்கியது யார் என்கிறீர்கள்? சட்டம் பேசினவனேதான். ஒரு ஊசி, ஒரு கதவு எண்... இவ்வளவை வைத்துக்கொண்டு ஒருத்தி ஒன்பது பேரை நிமிர்த்தி நிற்க வைத்திருக்கிறாளே! நினைக்க நினைக்க அவனுக்கு மலைப்பாக இருந்தது. மலைப்பு மட்டும்தானா என்று மனசு கேலி செய்தது.

ஒருநாள் காலை அவள் பெயருக்கே ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு நழுவப் பார்த்தான்.

“நில்லுங்க. ஸ்டாம்ப்பே இல்லையே... இதைத் திருப்பலையா?”

அசடு வழிந்தான். அவள் பிரித்துப் படித்தாள்.

‘எனக்கு வீடு இருக்கு, அம்மா இருக்காங்க. ஆனாலும் உங்க கடைக்குத் தபால் இல்லாத நாள்ல எங்க போறதுன்னே தெரியாம நிக்கிறேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. எனக்கும் உங்ககிட்ட ஒரு இடம் உண்டா?’

வெளியே தூறல். அந்தக் கண்களில் இப்போது இடியில்லை... அவள் மரத்தட்டைக் காட்டினாள். ஒன்பது அறைக்குப் பக்கத்தில் புதிதாகப் பத்தாவது ஒன்று. காலி. அதன் முகப்புத் துணியில், அன்று அவன் சட்டையிலிருந்து தெறித்த காக்கி பட்டன் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது.

“நீங்க நனைஞ்சு வந்து நின்னீங்களே... அன்னைக்கே தைச்சிட்டேன்,” என்றாள் தலை குனிந்து. “லெட்டர்தான் ரொம்ப லேட்டு, போஸ்ட்மேன்.”