பூண்டு மணக்காத வீடு

வீரம்மாள் கண் விழித்தபோது வீட்டில் பூண்டு வாசனை இல்லை.

படுத்தபடியே மூச்சை இழுத்துப் பார்த்தாள். தகரக் கூரையில் மூடுபனி சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் அணைந்த விறகின் புகை, கதவிடுக்கில் நுழைந்த ஈரமண், எங்கிருந்தோ லேசான சாணி என்று எல்லா வாசனையும் வந்தது. வருஷம் முழுக்கச் சுவரிலும் துணியிலும் சோற்றிலும்கூட ஊறிக் கிடக்கிற பூண்டு மட்டும் வரவில்லை. பிற்பகல் மணி மூன்றுகூட இருக்காது. அதற்குள் பனி இறங்கி வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

அப்படியானால் இது கனவு. பயம் வந்தது, ஆனால் பழைய பயம் இல்லை.

பழைய பயம் போன ஐப்பசியில் தொடங்கியது. "மழை வெறிக்கட்டும் வீரம்மா" என்ற புருஷனை, விலை இறங்கிவிடும், வெரசாப் போ என்று விரட்டியவள் அவள்தான். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பூண்டு மூட்டையோடு வெள்ளகவி மலைப்பாதையில் இறங்கிய திருமலைச்சாமியை மூன்றாம் நாள் பள்ளத்திலிருந்து பிணமாகத் தூக்கி வந்தார்கள். அதிலிருந்து கண்ணை மூடினால் போதும், அதே சாக்கோடு முற்றத்தில் வந்து நிற்பான். ஒரே பேச்சுத்தான் பேசுவான்.

"புள்ளையக் குடு."

இருப்பது ஒரே பிள்ளை, ஆறு வயது பாப்பம்மாள். மந்திரித்த கயிறு கட்டியாயிற்று, பழனிக்குப் போய் மொட்டை போட்டாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. தூங்கப் பயந்து பயந்து அவள் எலும்பும் தோலுமான பிறகுதான், கொடைக்கானலில் புதிதாக வைத்தியம் பார்க்க வந்த தமயந்தி டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா மாத்திரை தரவில்லை.

"கனவுக்குள்ள இருக்கும்போதே இது கனவுன்னு தெரிஞ்சுட்டா, அது உங்கள ஒண்ணும் பண்ணாது. ஓடாதீங்க. நேரா நின்னு தள்ளிவிடுங்க."

"கனவுன்னு எப்பிடிங்க கண்டுபிடிக்கிறது?"

"உங்க வீட்டுல எப்பவும் என்ன வாசனை இருக்கும்?"

"வேற என்னங்க, பூண்டுதான்."

"அது இல்லேன்னா கனவு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இரண்டே மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. கனவில் முகர்ந்து பார்ப்பாள், வாசனை இருக்காது, போய்த் தள்ளுவாள், அவன் முற்றத்து விளிம்புக்கு அப்பால் பள்ளத்தில் புகையாகக் கலைவான், இவள் விழித்துக்கொள்வாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாளாக வந்தான். போன வாரம் பாப்பாவின் குரலிலேயே கூப்பிட்டான். அதையும் தள்ளினாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதி, "ஏமாறல பாருங்க, கெட்டிக்காரி" என்றாள். படித்தவள் வாயால் அப்படிக் கேட்டது வீரம்மாளுக்குப் பெருமையாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

பாப்பா காலையிலிருந்து குப்பம்மாள் வீட்டில் இருக்கிறாள். பொழுது சாய்ந்துதான் வருவாள். ஆகவே இது அவன்.

"அம்மா, கதவத் தொறம்மா. குளுருது."

வீரம்மாள் எழுந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். இல்லை. தாழ்ப்பாளை நீக்கினாள். பனிக்குள் குட்டையாக ஓர் உருவம், தலையில் கவிழ்த்த சாக்கு. முகம் தெரியவில்லை. அது உள்ளே கால் வைக்கப் பார்த்தது.

"இன்னைக்கும் இந்த வேசமா?" என்றாள்.

இரண்டு கையாலும் தள்ளினாள். முற்றம் நாலே எட்டு. ஒரு எட்டு. இன்னொன்று. சாக்கு நனைந்திருந்தது. கலையவில்லை. கனத்தது. "அம்மா, நாந்தாம்மா" என்றது. அப்படித்தான் சொல்லும். விளிம்பு வந்தது. கடைசியாக ஒரு தள்ளு.

கத்தவில்லை. கீழே எங்கோ கல் உருண்டது.

உள்ளே வந்து படுத்தாள். கண்ணை இறுக மூடினாள். தள்ளி முடித்ததும் விழிப்பு வரும். எப்போதும் வரும்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். மேலே மூங்கில் பரண். கட்டுக் கட்டாகப் பூண்டு தொங்குகிற இடம். வெறும் கயிறுகள் தொங்கின.

நேற்று. வியாபாரி சேனாதிபதி. நாலு கோவேறு கழுதை. பரணில் ஒரு பல் மிச்சமில்லாமல் ஏற்றிப் போனான். சரக்குப் போன வீட்டைக் கழுவுவதுதான் வழக்கம். இன்று காலையில் வெள்ளனே எழுந்து, கதவு சன்னலைத் திறந்துபோட்டு, தரை சுவரெல்லாம் சாணி மெழுகியது அவள். அந்த அலுப்பில்தான் படுத்தாள். விதைப்பூண்டை உடைத்துப் பல் பிரிக்கப் பாப்பாவைக் குப்பம்மாள் வீட்டுக்கு அனுப்பியதும் அவள்தான். பனி இறங்கினால் அங்கே என்ன சோலி? குப்பம்மாள் தலையில் ஒரு சாக்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

வீரம்மாள் இரண்டு கைகளையும் மெல்ல மூக்குக்குக் கொண்டுபோனாள்.

பூண்டு.

பச்சைப் பூண்டு. விரலிடுக்கெல்லாம். சேலையில் துடைத்தாள். போகவில்லை.

முற்றத்துக்கு ஓடினாள். "பாப்பா!" பனி. "ஏ பாப்பா!" பனி. விளிம்பில் பனி கொஞ்சம் விலகியது.

திருமலைச்சாமி நின்றுகொண்டிருந்தான். அதே சாக்கு. இடுப்பில் பிள்ளை, அவன் தோளில் தலை சாய்த்து, கண்ணைத் திறந்தபடி. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. பூண்டு மணத்தது.

அவன் வீரம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் கேட்பதை இன்றைக்கு அவன் கேட்கவில்லை.