சுற்றாத தட்டு

காலைப் படகில் வந்து இறங்கிய சோலிங், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா, வீடு பூரா பாசி நாத்தம்?"

"கடலோரத்து வீடு மல்லிகையா மணக்கும்? கை கழுவிட்டு வா."

பெதாங் வழக்கம்போலத்தான் பதில் சொன்னாள். ஆனால் மகளைப் பார்த்த சந்தோஷம் வரவில்லை. புருஷன் கிளெட்டோ கடலுக்குப் போய்த் திரும்பாமல் இன்றோடு நாற்பது நாள். ஊரே அவளுக்காக அழுது ஓய்ந்துவிட்டது. அவளுக்கோ உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. நேற்று விரலில் சூடு பட்டதைக்கூடக் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

சான் எலிகியோ பழைய ஊர். கொள்ளையர் படகைக் கண்டால் மணியடிக்கக் கட்டிய கோபுரத்தில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். அந்தக் காலத்து வழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. சாப்பாட்டின் நடுவில் யாராவது எழுந்து கிளம்பினால், உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேரத்தான். பாதிரியாரே சுற்றுவார்.

கிளெட்டோ கடலுக்குப் போன அன்றைக்கு பெதாங் சுற்றவில்லை.

மீனில் உப்பு கூடிப்போச்சு என்று கிளெட்டோ முனகினான். "வேணும்னா உன் தங்கச்சி கையால தின்னு" என்று இவள் வெடித்தாள். கரையிலிருந்து கூட்டாளிகள் சீட்டியடித்தார்கள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். போகட்டும் என்று வேண்டுமென்றே தட்டில் கை வைக்காமல் இருந்தாள். படகு கவிழ்ந்தது. கூட்டாளிகள் இருவரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. செத்தவருக்கு நாற்பது நாள் தட்டு வைப்பது முறை. எதிரே அவனுடைய எனாமல் தட்டை வைத்துவிட்டுத் தினமும் தனியாகச் சாப்பிட்டாள். பாதியில் எதற்காவது எழுந்தால் போதும், முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டு மெல்ல உரசும்.

கர்ர்ர்...

ஒரு சுற்று. நீ செய்யாததை நான் செய்கிறேன் பார் என்கிற மாதிரி. முதல் நாள் பயந்தாள். அப்புறம் அதுவும் மரத்துவிட்டது.

மத்தியானம் சோலிங்கும், கிளெட்டோவின் தங்கை இடாங்கும் உட்கார்ந்தார்கள். வினிகரில் வெந்த மீன், சோறு. நாலாவது வாயில் படகுத்துறையில் ஊதல் கேட்டது.

"ஐயோ, ஒரு மணி படகு! இத விட்டா பேக்டரில சீட்டக் கிழிச்சிடுவான்," என்று வாயில் சோற்றோடு சோலிங் எழுந்தாள்.

"பைய நான் தூக்கறேன், ஓடு!" என்று இடாங்கும் எழுந்தாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, தட்ட சுத்திடு. மறந்துடாத."

பெதாங் தன் தட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

தட்டு அசையவில்லை.

இரண்டு கையாலும் திருகினாள். மேசையே ஆடியது, தட்டு ஆடவில்லை. பாசி நாற்றம் குப்பென்று ஏறியது. தட்டின் எதிர் விளிம்பில், அவள் விரல்களுக்கு நேராக, பத்து ஈர விரல் தடங்கள்.

யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

கரையில் படகின் இன்ஜின் உறுமியது. பெதாங்குக்கு நாற்பது நாளில் முதல் தடவையாக நெஞ்சு வலித்தது.

"வேணும்னுதான் சுத்தல," என்று கிசுகிசுத்தாள். "கோவத்துல செஞ்சேன், கிளெட்டோ. அவ என்ன பண்ணா? உன் பொண்ணுய்யா. அவள விட்டுடு. கணக்கு உனக்கும் எனக்கும்தானே, என்ன எடுத்துக்க."

பிடி விட்டது.

தட்டு சரேலென்று ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறி விறைத்தது. மூன்று மணிக்கு போன் அதிர்ந்தது. 'போய்ச் சேந்துட்டேன்மா. கடல் குளம் மாதிரி இருந்துச்சு. சாப்டு.'

மகள் சொன்னாளே என்று ஒரு வாய் சாப்பிட்டாள். உப்பு தெரியவில்லை. மறுபடி மரத்துப் போயிருந்தாள். இரண்டாவது வாய் எடுக்கும்போது இடாங் கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி! படகு ரெடி! அண்ணனுக்குச் சோறு விட்டுட்டு வெளிச்சத்துலயே திரும்பிடலாம், வா!"

கடலில் போனவனின் பங்கை நாற்பதாம் நாள் கடலிலேயே விட வேண்டும். பெதாங் வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். வாசல்வரை போய், பழக்கதோஷத்தில் அந்த உரசலுக்காக நின்றாள்.

சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். எதிர் இடத்தில் கிளெட்டோவின் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் இரண்டு பக்கமும் மேசையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். தட்டைத் தொடாமல், கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"அண்ணி! என்ன பண்ற?"

"இதோ வந்துட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படகுக்கு நடந்தாள்.