கணப்புப் பெட்டியின் மேல் ஒரு கைப்பை

அங்கப்பன் தன் துயரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மாற்றி மாற்றித் தொலைபேசியில் சொல்லி முடித்தபோது, புவனேஸ்வரியின் தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"சதி, மேடம். என் ரிசார்ட்டுக்குள்ளயே சதி. மொத்த பேட்டரியும் வெந்துபோச்சு, இன்வெர்ட்டர் கருகிடுச்சு. செஞ்சது யாருன்னும் தெரியும். நீங்க வந்து ஒரு பார்வை பாத்து எழுதிக் குடுத்தாப் போதும்."

செய்தது யாரென்று தெரிந்த பிறகு தான் எதற்கு மலையேற வேண்டும் என்று புவனேஸ்வரி கேட்கவில்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்காக எரிந்ததையும் மூழ்கியதையும் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் அவள். அந்த வேலையில்தான் தலை நரைத்தது, முழங்கால் தேய்ந்தது. முடிவைத் தாங்களே சொல்லிவிட்டு, அதற்கேற்ற காரணத்தை மட்டும் அவளிடம் கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

"ஜெப்சன், வண்டிய எடுங்க" என்றாள்.

உதவியாளன் ஜெப்சனுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. ஆனாலும் சதி என்ற சொல் காதில் விழுந்தால் பள்ளிக்கூடம் விட்ட பையன் போலாகிவிடுவான். சேலத்திலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு குற்றவாளியாகக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாகலூரைத் தாண்டி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே 'நீர்மௌனம்' என்று பலகை தெரிந்தது. பலகைக்குப் பின்னால் மழைக்கால ஓடை ஊரைக் கூட்டும்படி கத்திக்கொண்டு இறங்கியது. ஓடையை விட உரக்கக் கத்தியது வாடகைக்கு வந்திருந்த டீசல் ஜெனரேட்டர். அந்தப் புகைக்குள்ளிருந்து கைத்தறி ஜிப்பா அணிந்த அங்கப்பன் வெளிப்பட்டு, தன் அட்டையை நீட்டினார். பெயருக்குக் கீழே 'பூமியின் பணியாள்' என்று அச்சிட்டிருந்தது. பூமி அவருக்கு என்ன சம்பளம் கொடுத்ததோ, வாசலில் இரண்டு பெரிய கார்கள் நின்றன.

கேட்டருகே ஒரு பெண் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இவதான் காளியாயி. டர்பைன் பாத்துக்கறவ" என்றார் அங்கப்பன், குரலைத் தாழ்த்தாமலே. "புகார் குடுத்தாச்சு. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. உங்க ரிப்போர்ட்டும் கையோட போச்சுன்னா உள்ள வெச்சிருவாங்க."

காளியாயி புவனேஸ்வரியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் அவரு ஆளுதானுங்களா?"

"இன்னும் யாரு ஆளுமில்லம்மா. முதல்ல உள்ள போய்ப் பாக்கறேன்."

மின்சார அறை ஓடையோரத்தில் இருந்தது. மின்வாரியக் கம்பி எட்டாத இடம் அது. ஓடைத் தண்ணீர் டர்பைனைச் சுற்றும், டர்பைன் பேட்டரிகளை நிரப்பும், அறைகளுக்கெல்லாம் மின்சாரம் அங்கிருந்து போகும். இப்போது தண்ணீரை மறித்துவிட்டிருந்தார்கள். அமில நெடி மூக்கைப் பிடுங்கியது. பேட்டரிகள் பக்கவாட்டில் உப்பி, மூடிகளைச் சுற்றி நுரை காய்ந்திருந்தது. சுவரில் இன்வெர்ட்டரும், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை முறைப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலரும் கருகித் தொங்கின. அவற்றின் கீழே, கம்பிவலை போட்ட ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே தடித்த ஹீட்டர் சுருள்கள். அலுவலகப் பெயர் 'டைவர்ஷன் லோடு'. தோட்டத்து ஆட்கள் அதைக் கணப்பு என்றார்கள்.

கணப்பின் வலைமேல் ஒரு குழந்தையின் சிவப்பு ஸ்வெட்டர் சரிந்து கிடந்தது. ஒரு கை வலைக்குள் நுழைந்து சுருளின்மேல் படிந்திருந்தது. பெட்டியை மறைத்தாற்போல் முன்னால் பெரிய தொட்டியில் ஒரு பெரணிச் செடி.

"பாத்தீங்களா?" என்றார் அங்கப்பன். "இங்க துணி காயப்போடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். முந்தின நாள்கூடத் திட்டினேன். அந்தக் காட்டத்துல, எரியற ஹீட்டர் மேல ஈரத்துணியத் தூக்கிப் போட்டிருக்கா. ஷார்ட் ஆகி எல்லாம் போச்சு. எதையும் யாரும் தொடலை, அப்படியே வெச்சிருக்கேன்."

"நோக்கம் இருக்கு, மேடம்" என்று ஜெப்சன் கிசுகிசுத்தான்.

புவனேஸ்வரி முனகிக்கொண்டே குனிந்தாள். ஸ்வெட்டர் இன்னும் ஈரமாக இருந்தது, பூஞ்சை வாடையடித்தது. பெரணியின் இலைகள் வலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கிள்ளி விரலில் தேய்த்தாள்.

"இந்தக் கணப்புக்கு ஸ்விட்ச் எங்க?"

"அந்தப் பூட்டின டப்பாவுக்குள்ள. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவகிட்ட. என் சாவிய நான் வருஷக்கணக்கா எடுத்ததே இல்லை."

டப்பாவைத் திறந்தார்கள். ஸ்விட்ச் 'ஆன்' பக்கம் இருந்தது.

புவனேஸ்வரி காளியாயியை வரவழைத்தாள். "ஸ்வெட்டர் உன்னுதாம்மா?"

"பையனுதுங்க. ஆமா, போட்டேன். போடாதன்னாரு, போட்டேன். இந்த மழையில எங்கூட்டுல துணி காஞ்சு வாரமாச்சு. அதுக்குன்னு தூக்குலயா போடுவாங்க?"

"எப்பப் போட்டே?"

"வெளக்கு வெக்கற நேரமுங்க. பகல்ல ரூமுக்காரங்க ஊரு சுத்தப் போயிருவாங்க, கரண்டு செலவில்ல, கணப்பு செவசெவன்னு எரியும், கிட்ட நிக்க முடியாது. பொழுது சாஞ்சா லைட்டு, டிவின்னு போடுவாங்க, அணைஞ்சுக்கும். அவங்க தூங்குனதும் மறுக்கா எரியும். சாயங்காலம் போட்டா விடியக்குள்ள மொறுமொறுன்னு இருக்குமுங்க. மறுநா விடிய வந்து பாத்தா ஒரே நாத்தம். துணிய எங்கீங்க எடுக்கறது?"

"துணி போட்ட அன்னைக்குப் பகல்ல இங்க வந்தியா?"

காளியாயியின் முகம் கோணியது. "எங்கீங்க வர்றது? காலையில டீ குடிக்கக்குள்ள தலையில கோழி றெக்கைய மாட்டிவுட்டு, பெரிய மனுசங்க வர்றாங்க, கேட்டுல கும்பிட்டுட்டு நில்லுன்னாரு. அவங்க வந்து, இதெல்லாம் பாத்து, சோத்துக்குப் போற வரைக்கும் நின்னேன். எங்க மலையில எவ றெக்க கட்டுனா? எங்க மாமியா இன்னும் சிரிச்சு முடிக்கலீங்க."

"அது பண்பாட்டு வரவேற்பு" என்றார் அங்கப்பன்.

"யாரு வந்தாங்க?" என்றாள் புவனேஸ்வரி.

அவ்வளவுதான். அங்கப்பனின் கைபேசி தானாகக் கிளம்பியதுபோல் வெளியே வந்தது. பசுமை விடுதி விருதுக்கான நடுவர் குழு வந்திருந்ததாம். கேட்டில் றெக்கையோடு முறைத்துக்கொண்டு நிற்கும் காளியாயி. அதே மின்சார அறையில், நடுப்பகலில், நடுவர்கள் சூழ அங்கப்பன் விளக்கம் தரும் படம். பெரணி அழகாக இருந்தது. கணப்புப் பெட்டியின் மேல் ஒரு நடுவரம்மாள் தன் கைப்பையை வைத்து, பக்கத்தில் சாய்ந்து நின்றாள். கடைசிப் படத்தில் எல்லோரும் இருட்டில் மெழுகுவர்த்தி வைத்துச் சாப்பிட்டார்கள்.

"மின்சாரமில்லா இரவு" என்றார் பெருமையுடன். "ஒரு பல்புகூட எரியலை. பூமிக்கு ஓய்வு."

புவனேஸ்வரி அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் கேட்டுக்கொண்டது அதைத்தான்.

"சார், உங்க ஓடைக்கு ஓய்வு குடுக்க முடியுமா?"

"புரியலை."

"சோலார் பேனலா இருந்தா, பேட்டரி நிரம்பினதும் கழட்டி விட்டுரலாம். அது பாட்டுக்கு வெயில்ல கிடக்கும். தண்ணி அப்படியில்லை. தள்ளிக்கிட்டே இருக்கும், டர்பைன் சுத்திக்கிட்டே இருக்கும். அதனால மிச்ச மின்சாரத்தைக் கண்ட்ரோலர் இந்தக் கணப்புக்குத் திருப்பி விடுது. வீணா எரியற மாதிரி தெரியும். ஆனா அது எரியறதாலதான் பேட்டரி பிழைக்குது. கணப்பை அணைச்சுட்டா மிச்சமெல்லாம் பேட்டரிக்குள்ளயே திணியும். விடிய விடியக் கொதிச்சிருக்கு. இது ஷார்ட் ஆனதில்லை."

"ஆனா ஸ்விட்ச் ஆன்ல இருக்கே, மேடம்" என்றான் ஜெப்சன்.

"இப்ப இருக்கு. ராத்திரி இல்லை. கணப்பு எரிஞ்சிருந்தா ஸ்வெட்டர் கை ஒரு நூலாவது கருகியிருக்கணும். பெரணி சருகா இருக்கணும். இலை நுனி வரைக்கும் பச்சை. அணைச்சு வெச்சு, எல்லாம் வெந்தப்புறம் மறுபடி போட்டிருக்காங்க. சாவி இருக்கறது ரெண்டு பேருகிட்ட."

ஜெப்சன் காளியாயியைப் பார்த்தான்.

"அவங்க துணி காயணும்னு வந்தவங்க, ஜெப்சன். அடுப்பை அணைச்சுட்டு யாராவது உலை வைப்பாங்களா? சரி, பழி வாங்க அணைச்சாங்கன்னே வெச்சுக்குவோம். எப்ப அணைச்சாங்க? நடுப்பகல்ல, கிட்ட நிக்க முடியாத நேரத்துல, ஒரு அம்மா அதுமேல கைப்பைய வெச்சுச் சாய்ஞ்சு நிக்கறாங்க. அப்பவே அணைஞ்சிருக்கு. அந்த நேரம் இவங்க கேட்டுல றெக்கையோட நிக்கறதுக்கு சாரே படம் புடிச்சு வெச்சிருக்கார். மிச்சம் ஒரு சாவிதான்."

வெளியே ஜெனரேட்டர் இருமியது. அங்கப்பன் ஜிப்பாவின் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒரு யூனிட் வீணாகாத இடம்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கேன். அவங்க வர்ற நேரத்துல இது சும்மா கிடந்து செக்கச்செவேல்னு எரிஞ்சா என்ன நினைப்பாங்க? ஒரு மணி நேரம் அணைச்சேன். அப்புறம் விருந்து, பேச்சு... மறந்துட்டேன். அதுவும் லைட்டெல்லாம் எரிஞ்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

"ஆகியிருக்காது. செலவழிக்கற நேரத்துலயும் இருட்டுல உக்காந்துட்டீங்க."

அவர் நாற்காலியருகே குனிந்தார். "மின்னல்னு எழுதிருங்களேன். எனக்கு க்ளெய்ம் வரும். இவ மேல புகாரும் இல்லாமப் போகும். யாருக்கும் நஷ்டமில்லை."

களைத்திருந்த புவனேஸ்வரிக்கு அது எவ்வளவு சுலபமான வழி என்று தெரியாமலில்லை. ஒரே சொல்லில் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"மின்னல் வந்து பூட்டைத் திறந்து, அணைச்சு, செடி வெச்சு, காலையில மறுபடி ஸ்விட்சைப் போட்டுட்டுப் போகாது சார். நடந்ததை எழுதறேன். க்ளெய்மைக் கம்பெனி பாத்துக்கட்டும். புகார் நின்னா, இதே ரிப்போர்ட் படத்தோட ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து எங்க போகும்னு நான் சொல்ல முடியாது."

"நடுவர் குழுவுக்குமா?"

"கேட்டாங்கன்னா."

பேட்டரிகளுக்காகக் கூட அவர் முகம் அப்படி வெளுத்ததில்லை. வெளியே போய்க் காவல் நிலையத்துக்குப் பேசினார். 'தகவல் தொடர்பு இடைவெளி' என்ற சொற்கள் நான்கைந்து முறை கேட்டன. புகாரைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்திட்டு, அதன் நகலைக் காளியாயியின் கையில் கொடுக்கும்வரை புவனேஸ்வரி எழுந்திருக்கவில்லை.

அங்கப்பன் தொண்டையைச் செருமினார். "காளியாயி, நடந்ததை நான் மன்னிச்சுட்டேன். நாளைக்கு வேலைக்கு வந்துரு."

"எத மன்னிச்சீங்க?"

அவர் கைபேசியை எடுத்து மணி பார்த்தார்.

"நாளைக்கு வர்றனுங்க" என்றாள் காளியாயி. "ஆனா உங்க சாவிய இந்த அம்மா முன்னால எங்கிட்டக் குடுத்துருங்க. அடுத்த வாட்டி எது வெந்தாலும் நாந்தான்னு ஒரே பேச்சாப் போயிரும். ஆளத் தேடி யாரும் அலைய வேண்டியதில்ல."

ஓடை இரைந்தது. டர்பைனையும், அதற்குத் தண்ணீர் நுழையும் வாய்வலையில் சேரும் சருகையும் மழையில் நின்று பார்க்க நாகலூர் வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது என்பது பூமியின் பணியாளுக்கும் தெரியும். ஜிப்பாப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையத்திலிருந்து அந்த ஒரு சாவியைக் கழற்ற நகம் வழுக்கியது. மீண்டும் வழுக்கியது. காளியாயி கையை நீட்டியபடி, அவசரமில்லாமல் நின்றாள்.