ஆறாம் நம்பர் குழாய்

"அந்த அலமாரியைத் திறங்க."

ஆஸ்பத்திரியின் மெயின் ஸ்டோரில் சங்கமித்ரா சேர்ந்த அன்றே மேனேஜர் கோவிந்தராஜன் எச்சரித்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர்க்காரர்களிடம் எதையும் கேள், அலமாரியைத் திறக்க மட்டும் சொல்லாதே. ஸ்டோரைத் தாண்டிய சரக்கு கம்ப்யூட்டரில் செலவானதாகப் பதிவாகிவிடும். பிறகு அது எந்த அலமாரியில் தூங்கினாலும் கேட்பாரில்லை.

சங்கமித்ரா கேட்டுவிட்டாள். குழந்தைகள் வார்டில், பச்சைக் குழந்தைக்கு மூக்கு வழியாகப் பால் செலுத்தும் ஆறாம் நம்பர் குழாய் ஒன்றுகூட இல்லை.

தியேட்டர் சரக்கைப் பார்த்துக்கொள்ளும் யூஜின் நிமிர்ந்தான். ஜன்னலில் ஜூன் மழை... அவள் மழையைப் பார்க்கவில்லை. சே, என்ன கண்கள்...

"ஏன்ரீ, கேக்கறப்பவே அடிக்க வர்றீங்க?" கன்னடம் கலந்து கேட்டுச் சிரித்தான்.

திறந்தான். இரண்டு பாக்கெட். இருப்பதே இவ்வளவுதான் என்று இரண்டையும் கொடுத்தான்.

அன்றிலிருந்து தியேட்டருக்கான சரக்குச் சீட்டுகளை அவளே கொண்டுபோனாள். மர்பி டவுனில் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி, சீட்டு சுமக்க ஆசைப்பட்டாள்...

ஒன்பதாம் நாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒயிட்ஃபீல்ட் கிளை ஸ்டோரின் அனுஷா. கான்வென்ட் இங்கிலீஷ், தோளில் நிற்காத துப்பட்டா. அவள் ஏதோ சொல்ல, யூஜின் சிரித்தான். அதே சிரிப்பு. அலமாரியின் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான். ஆறாம் நம்பர், இருபது பாக்கெட். சீட்டில்லை, கையெழுத்தில்லை.

வயிறு எரிந்தது. பெட்டிக்காகவா, சிரிப்புக்காகவா... இரண்டுக்கும்தான்.

அனுஷா போனதும் உள்ளே நுழைந்தாள். "எனக்கு ரெண்டு. அவளுக்கு இருபதா?"

அவன் முகம் வெளுத்தது. மெயின் ஸ்டோர் நான்கு நாள் இழுத்தடிக்கும், அனுஷாவோ அவன் கேட்டதை அரைமணியில் அனுப்புவாள், பதிலுக்கு அவளுக்குக் கொடுக்கத்தான் ஒளித்துவைப்பது என்றான். புகார் எழுதிவிடாதே, வேலை போய்விடும் என்று கெஞ்சினான். பிறகு குரல் தணிந்தது.

"அவங்களோட வெறும் கொடுக்கல் வாங்கல்தான். உங்க சீட்டுக்காகத்தான் தினமும் காத்திருக்கேன்... பிடிச்சிருக்கு, சங்கமித்ரா."

எட்டு நாளாக அவள் ஏங்கிய வார்த்தை. இன்றைக்கா வர வேண்டும்...

"எனக்கும் பிடிச்சிருக்கு. அதான் இப்படி எரியுது. ஆனா நேத்து ஒரு அம்மா, குழாய் இல்லாம, குழந்தையைத் தூக்கிட்டு வேற ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறுச்சு. இல்லேன்னு நான்தான் சொன்னேன். என்னைப் பொய் சொல்ல வச்சது நீங்க. உங்க பேரோடதான் எழுதப்போறேன். அப்புறமும் பிடிச்சிருந்தா, வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க."

அவன் வாய் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். வலப்பக்கம் ஸ்டோர். இடப்பக்கம் சூப்பரின்டெண்டென்ட் அறை. இடப்பக்கம் நடந்தாள்.