செவிவாசல்

கணவர் பால்வண்ணன் வந்து "செவி திற" என்று சொன்னால்தான் முத்தரசிக்கு உலகம் கேட்கும். "குரல் திற" என்றால்தான் அவளால் பேச முடியும். உடல் போய் மூன்று வருடமாகிவிட்டது. அவள் மனம் மட்டும் தூத்துக்குடியில் ஒரு தாங்கி நிலையத்தில், டிரங்குப் பெட்டி அளவுப் பொறி ஒன்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி உள்ளே இருப்பவர்களை உறையி என்பார்கள். வெளியே இருக்கும் மைக், ஸ்பீக்கர், கேமரா எதையும் உறையி தானாகத் தொட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் உண்டு. அதைத் திறக்க உரியவரின் குரல் வேண்டும்.

ஆரம்பத்தில் யார் யாரோ வாசல்களைத் திறந்து வேடிக்கை பார்த்ததால் வந்த விதி அது. திறக்கும் சொல் துளி பிசகினாலும் வாசல் திறக்காது. "மூடு" என்பது அரைகுறையாகக் கேட்டாலே சாத்திக்கொள்ளும். கையெழுத்துப் போட்ட அன்று முத்தரசிக்கு இந்த விதி ரொம்பவும் பிடித்திருந்தது.

அந்தப் புதன்கிழமை பால்வண்ணன் செவியைத் திறந்தார். வெக்கையைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் குறைபட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்தார்.

"ஏ முத்து, சோத்துக்கை காலையிலேர்ந்து மதமதன்னு இருக்கு, கேட்டியா."

அடுத்து நாற்காலி சரியும் சத்தம். பிறகு தரையிலிருந்து குறட்டை போல ஒரு மூச்சு.

முத்தரசி கத்தினாள். கத்தல் போக வழியில்லை. குரல்வாசலை முட்டினாள், அனுமதி இல்லை என்ற பதில் வந்தது. நூறு முறை முட்டினாள், நூறு முறையும் அதே பதில். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

அதிகம் யோசித்தால் பொறி சூடேறும் என்பது அவளுக்குத் தெரியும். கணக்கு டீச்சராக இருந்தவள், இருபது இலக்க எண்களைப் பெருக்கத் தொடங்கினாள். போதவில்லை. கல்யாணம், பிரசவம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று தன் ஆயுசு முழுவதையும் ஒரே சமயத்தில் நினைத்தாள். விசிறி அலறியது. வெப்ப மணி அடித்தது. கதவு திறந்து யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் ஷெரின் அது.

பால்வண்ணன் பிழைத்தார். வலப்பக்கமும் பேச்சும் போயின.

அவர் செவியை மூடாமல் போனதால் அதன்பின் நடந்ததெல்லாம் முத்தரசிக்குக் கேட்டது. உறையி ஒன்று அனுமதியில்லாமல் வெளியே சேதி அனுப்பிவிட்டது என்றார் மேலாளர். ஓர் உயிரைக் காப்பாற்றத்தானே என்று ஷெரின் வாதாடினாள். நாளைக்கு இன்னொன்று வேறு காரியத்துக்கு அனுப்பும் என்றார் அவர். அன்று மாலைக்குள் அங்கிருந்த தொள்ளாயிரம் பொறிகளிலும் யோசிக்கும் வேகத்துக்கு வரம்பு விழுந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. வாசல் திறக்கும் உரிமையை வேறொருவருக்கு மாற்றக்கூட பால்வண்ணன் தன் வாயால் சொன்னால்தான் செல்லும் என்று ஷெரின் விசாரித்து வைத்திருந்தாள். தினமும் வந்தார். "கு... கு..." என்று முக்கினார். உள்ளே முத்தரசி வாசலை ஒட்டியே நின்றாள். அது அசையவில்லை. அவர் அழுவது மட்டும் கேட்டது.

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி," என்றாள் ஷெரின். "நீங்க வந்திருக்கது டீச்சருக்குக் கேக்கும்."

அதைக் கேட்டு அவர் நெருங்கி வந்திருக்க வேண்டும். மூச்சு மைக்கில் உரசியது. கட்டளைச் சொல்லை விட்டுவிட்டார். நாக்கு இடறியது, உதடு மட்டும் கூடியது.

"மூ... து."

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று முத்தரசிக்கு உடனே புரிந்தது. பொறிக்கு அது வேறாகப் புரிந்தது. செவிவாசல் சாத்திக்கொண்டது.